விலாங்குக் குஞ்சு நடுக்கடலில் எதைத் தின்கிறது? இரண்டு அமினோ அமிலங்கள் சொன்ன பதில்

மீன் என்ன தின்றது என்று தெரிந்துகொள்ளப் பழைய வழி வயிற்றைக் கிழிப்பதுதான். வீட்டில் மீன் ஆய்கிறவர்களுக்கே இது தெரியும். வஞ்சிரத்தின் வயிற்றில் சில நாள் ஒரு மத்தி முழுசாகவே கிடக்கும், அதோடு கேள்வி முடிந்தது. விலாங்கின் லார்வா, அதாவது முட்டையிலிருந்து வந்த குஞ்சு, மட்டும் இந்த வழிக்கு மசியவில்லை. நடுக்கடலில் வலை இழுத்துப் பிடித்து, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துக் குடலைத் திறந்தால் பெரும்பாலும் காலி. ஏதாவது இருந்தாலும் உருவமே தெரியாத கூழ். இந்தக் கூழைப் பார்த்துக் கடல் உயிரியலாளர்கள் பல வருஷம் தலையைச் சொறிந்தார்கள். 2013-ல் ஜப்பானிலிருந்து வந்த ஒரு சின்ன ஆய்வுக் கட்டுரை குடலை விட்டுவிட்டு உடம்பிடமே கேட்டது. உடம்பிலுள்ள இரண்டு அமினோ அமிலங்களின் நைட்ரஜனை அளந்து, உணவுச் சங்கிலியில் அந்த லார்வா நிற்கும் படி சராசரியாக 2.4 என்று ஓர் எண்ணைச் சொன்னது. அந்த எண் எப்படி வந்தது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பார்ப்போம்.

இலை மாதிரி ஒரு மீன்

ஜப்பானிய விலாங்கு ஆற்றிலும் கழிமுகத்திலும் வளர்கிறது, முட்டையிட மட்டும் பசிபிக்கின் நடுவுக்குப் போகிறது. (நம் ஊர் ஆற்று விலாங்கும் இப்படிக் கடலுக்குப் போகிற ஜாதிதான்.) அது எங்கே போகிறது என்று தேடியதே தனிக் கதை. ஜப்பானியக் கடல் உயிரியலாளர் கத்சுமி சுகாமோட்டோவும் அவருடைய குழுவும் ஹகுஹோ மாரு என்ற ஆய்வுக் கப்பலில் பல பயணம் போனார்கள். சின்ன லார்வா கிடைத்தால் அதைவிடச் சின்னது எங்கே கிடைக்கும் என்று பார்த்துப் பார்த்து, நீரோட்டம் வந்த திசையிலேயே பின்னோக்கிப் போய், 1991-ல் மரியானா தீவுகளுக்கு மேற்கே வந்து நின்றார்கள். அந்தப் பக்கத்திலேயே 2009 மே மாதம் முட்டைகளும் வலையில் விழுந்தன. மொத்தம் 31 முட்டை, ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம். பசிபிக்கில் 31 முட்டையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்புதான்.

முட்டையிலிருந்து வருவது பார்க்க விலாங்கு மாதிரியே இருக்காது. பக்கவாட்டில் தட்டையாக, கண்ணாடி போல, எதிர்ப்பக்கம் தெரிகிற ஒரு இலை. லெப்டோசெபாலஸ் என்று பெயர், கிரேக்க மொழியில் ஒல்லித் தலை என்று பொருள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியின் கிராசியும் கலாண்ட்ருச்சியோவும் இதுதான் விலாங்கின் குழந்தைப் பருவம் என்று காட்டும்வரை, இதைத் தனி மீன் இனமாகவே கணக்கில் வைத்திருந்தார்கள். இந்த இலை வட பூமத்திய நீரோட்டத்தில் மேற்கே மிதந்து, அப்புறம் குரோஷியோ நீரோட்டத்தில் ஏறி, மாதக்கணக்கில் பயணம் செய்து, ஐந்தாறு சென்டிமீட்டர் ஆனதும் உருமாறி, கண்ணாடி விலாங்காகக் கரைக்கு வருகிறது. குடல் ஒரு நேரான மெல்லிய குழாய். வாயிலோ முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிப் பற்கள். இந்தப் பற்களைப் பார்த்துத்தான் பலருக்கு இது எதையாவது பிடித்துத் தின்கிற ஆசாமி என்று தோன்றியது.

இது ஏன் யாருக்கும் முக்கியம்?

பணம் ஒரு காரணம். ஜப்பானில் விலாங்குக்கு, குறிப்பாகச் சாஸ் தடவிச் சுட்ட கபயாகிக்கு, என்ன மவுசு என்று சொல்லத் தேவையில்லை. பண்ணையில் வளர்க்கிறார்கள் என்று பேர்தானே தவிர, குஞ்சு பண்ணையில் பிறப்பதில்லை. கரைக்கு வரும் கண்ணாடி விலாங்கைப் பிடித்து வந்துதான் வளர்க்கிறார்கள். அது வருவதோ குறைந்துகொண்டே போனது; 2014-ல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன் இந்த இனத்தை அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது.

முட்டையைச் செயற்கையாகப் பொரிக்க வைக்க ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் 1973-லேயே கற்றுக்கொண்டார்கள். சிக்கல் சோறு போடுவதில். குஞ்சுப் பண்ணைகளில் பெரும்பாலான கடல்மீன் குஞ்சுகளுக்கு முதலில் போடுவது ரோட்டிஃபர் என்ற கண்ணுக்குத் தெரியாத மிதவை விலங்கு. விலாங்கு லார்வாவை அதை வைத்துத் தேற்ற முடியவில்லை. கடைசியில் ஒருவகைச் சுறாவின் முட்டையை அரைத்துக் கூழாக்கிக் கொடுத்தபோதுதான் வளர ஆரம்பித்தது. அதை வைத்தே 2010-ல் முட்டையிலிருந்து முட்டை வரை முழுச் சுற்றையும் முடித்துக் காட்டினார்கள். ஆனால் நடுக்கடலில் லார்வாவுக்குச் சுறா முட்டைக் கூழ் யார் கரைத்து ஊற்றுகிறார்கள்? உண்மையில் அது என்னதான் தின்கிறது என்று தெரிந்தால், தீவனமும் கிடைக்கும், கடல் மாறினால் லார்வாவுக்கு என்ன ஆகும் என்று யோசிக்கவும் வழி கிடைக்கும்.

களத்தில் இரண்டு கட்சி இருந்தது. ஒன்று, இது சின்ன விலங்கு மிதவை உயிரிகளைப் பிடித்துத் தின்கிறது என்றது. இன்னொன்று, கடல் பனியைத் தின்கிறது என்றது. கடல் பனி என்றால் செத்த பாசி, மிதவை உயிரிகளின் கழிவு, பாக்டீரியா, ஒற்றைச் செல் உயிரிகள் எல்லாம் சளியில் ஒட்டிக்கொண்டு மேலிருந்து கீழே உதிர்கிற துணுக்குகள். அதில் ஒரு முக்கியமான பங்கு அப்பெண்டிகுலேரியன் என்ற சிறு உயிரி தன்னைச் சுற்றிச் சளியாலேயே கட்டிக்கொள்ளும் வீடு. அந்த வீடுதான் அதற்கு வடிகட்டியும். அடைத்துக்கொண்டால் கழற்றிப் போட்டுவிட்டுப் புது வீடு கட்டிக்கொள்ளும், வாடகைப் பிரச்சினையே இல்லை. லார்வாக்களின் குடல் கூழில் இந்த வீடுகளின் மிச்சமும் கழிவுத் துணுக்குகளும் தென்பட்டதாகச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் குடலில் இருப்பது வேறு, செரித்து உடம்பில் சேர்வது வேறு அல்லவா.

மொத்த நைட்ரஜன் ஏன் போதவில்லை

நைட்ரஜனில் இரண்டு நிலையான ஐசோடோப்பு, அதாவது எடை மட்டும் வேறான இரண்டு வகை அணு. காற்றில் 99.6 சதவீதத்துக்கு மேல் நைட்ரஜன்-14, மீதி சுமார் 0.37 சதவீதம் நைட்ரஜன்-15. ஒரு விலங்கு தின்று செரித்து வெளியேற்றும்போது இலேசான 14 கொஞ்சம் அதிகமாக வெளியே போகிறது, கனமான 15 கொஞ்சம் அதிகமாகத் தங்குகிறது. ஆகவே தின்பவரின் உடம்பில் தின்னப்பட்டதைவிட 15-இன் விகிதம் கூடும், சராசரியாக ஆயிரத்துக்கு 3.4 புள்ளி. படிக்குப் படி ஏறும். பாசியைத் தின்கிறவர், அவரைத் தின்கிறவர் என்று மேலே போகப் போக எண்ணும் ஏறும். ஊட்ட மட்டத்தை, அதாவது உணவுச் சங்கிலியில் எந்தப் படி என்பதை, அளக்க இது ரொம்ப காலமாகப் புழங்கும் வழி, இன்றும் மலிவான வழி.

குறை எங்கே என்றால், படி எத்தனை என்று எண்ண வேண்டுமானால் தரை எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். கடலில் அந்தத் தரை இடத்துக்கு இடம் ஏறி இறங்கும். (எண் என்பது காற்றில் உள்ள விகிதத்தைவிட ஆயிரத்துக்கு எத்தனை புள்ளி கூடுதல் என்பது, காற்று பூஜ்யம்.) காற்றிலிருந்து நேராக நைட்ரஜனை எடுக்கும் நீலப்பச்சைப் பாசிகள் உள்ள இடத்தில் அடிப்படை எண் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். ஆழத்திலிருந்து வரும் நைட்ரேட் 5-ஐ ஒட்டி இருக்கும். ஆக்சிஜன் குறைந்த நீரில் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைத் தின்று வாயுவாக்கும் இடங்களில் அது இன்னும் உயரமாகப் போய்விடும். ஆக லார்வாவின் மொத்த நைட்ரஜன் எண் குறைவாக இருக்கிறது என்றால், அது கீழ்ப்படியில் தின்கிறது என்றும் சொல்லலாம், தரையே பள்ளத்தில் இருக்கிறது என்றும் சொல்லலாம். மரியானா பக்கத்துக் கடல் சத்துக் குறைந்த கடல், நீலப்பச்சைப் பாசிகளுக்கு ஏற்ற இடம். பாசியையே தனியாக அள்ளி அளந்தால் என்ன என்று கேட்கலாம். இன்று அள்ளும் பாசி இன்றைய தரையைச் சொல்லும். லார்வாவின் உடம்போ பல வாரமாக, பல நூறு கிலோமீட்டர் மிதந்தபடி சேர்த்தது.

ஒரே உடம்பில் தரையும் படியும்

இங்கேதான் அமினோ அமிலம் வருகிறது, எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடமும் இதுதான். 2002-ல் ஜேம்ஸ் மெக்லெலண்டும் ஜோசப் மோன்டோயாவும் ஒரு பாசியை ரோட்டிஃபருக்குக் கொடுத்து வளர்த்து (ஆமாம், விலாங்கு லார்வாவுக்குப் போட்டுப் பார்த்த அதே ரோட்டிஃபர்), இரண்டின் அமினோ அமிலங்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்து நைட்ரஜன்-15 பார்த்தார்கள். எல்லாம் ஒரே அளவு ஏறவில்லை. குளுட்டாமிக் அமிலம் ஒரே படியில் சுமார் 7 புள்ளி ஏறியிருந்தது. பினைல்அலனின் கிட்டத்தட்ட அசையவே இல்லை.

காரணம் வேதியியல். குளுட்டாமிக் அமிலம் உடம்பில் நைட்ரஜன் தரகர் மாதிரி. ஒரு அமினோ அமிலத்திலிருந்து இன்னொன்றுக்கு நைட்ரஜன் கைமாறினால் பெரும்பாலும் இதன் வழியாகத்தான் போகும், மிஞ்சியதைக் கழற்றி அமோனியாவாக வெளியே அனுப்புவதும் இதன் வழியாகத்தான். ஒவ்வொரு தடவையும் கார்பன்–நைட்ரஜன் பிணைப்பு உடைகிறது. உடையும்போது இலேசான 14 முந்திக்கொள்கிறது, 15 பின்தங்கிச் சேர்ந்துகொண்டே போகிறது. பினைல்அலனினை விலங்கால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். வந்தபின் உடம்பு அதன் மேல் செய்யும் முதல் முக்கிய வேலை, வளையத்தில் ஒரு ஆக்சிஜனை ஏற்றி டைரோசின் ஆக்குவது. அதில் நைட்ரஜனைத் தொடுவதே இல்லை. ஆகப் பாசியில் என்ன எண்ணோ ஏறக்குறைய அதே எண்ணோடு அது சூரையின் தசை வரைக்கும் வந்து நிற்கிறது.

புரிகிறதா? பினைல்அலனின் தரை, குளுட்டாமிக் அமிலம் படி. இரண்டும் ஒரே உடம்பில், ஒரே காலத்தில் சேர்ந்தவை. பாசியைத் தேடி அள்ள வேண்டியதில்லை.

இதை ஒரு சூத்திரமாக்கியது யோஷிதோ சிகரைஷியும் நவோஹிகோ ஓகோச்சியும் அடங்கிய, ஜப்பானின் கடல் ஆய்வு நிறுவனமான ஜாம்ஸ்டெக்கின் குழு, 2009-ல். ஊட்ட மட்டம் = (குளுட்டாமிக் − பினைல்அலனின் − 3.4) ÷ 7.6 + 1. 3.4 என்பது பாசியிலேயே இந்த இரண்டுக்கும் இருக்கும் வித்தியாசம் (மேலே வந்த 3.4-க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எண் ஒத்துப்போனது தற்செயல்). 7.6 என்பது ஒரு படிக்கு வித்தியாசம் எவ்வளவு விரிகிறது என்பது: குளுட்டாமிக் 8.0 ஏற, பினைல்அலனின் 0.4 ஏறுகிறது. நானே ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். குளுட்டாமிக் 17, பினைல்அலனின் 3 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 14, அதில் 3.4 போனால் 10.6, அதை 7.6-ஆல் வகுத்தால் 1.39, ஒன்று கூட்டினால் 2.39. இப்போது அதே லார்வா தரை 6 புள்ளி உயரமான கடலில் வளர்ந்தது என்று வைத்தால் 23-உம் 9-உம் வரும். விடை அதே 2.39. மொத்த நைட்ரஜனை மட்டும் பார்த்தவர் இந்த இரண்டு லார்வாவையும் கிட்டத்தட்ட இரண்டு படி தள்ளி வைத்திருப்பார்.

இது காகிதக் கணக்கு மட்டும் இல்லை. கிழக்குப் பசிபிக்கில் மஞ்சள்துடுப்புச் சூரைகளின் மொத்த நைட்ரஜன் எண் தெற்கிலிருந்து வடக்கே போகப் போக ஏறியது. வடக்கே இருப்பவை மேல்படியில் வேட்டையாடுகின்றனவோ என்று சந்தேகம் வரும். ஹவாயில் பிரையன் பாப் குழு 2007-ல் அமினோ அமிலங்களைப் பார்த்தபோது, மீன்களின் படி பெரிதாக மாறவில்லை, மாறியது தரைதான் என்று தெரிந்தது.

அளப்பது எவ்வளவு பாடு

சொல்வதற்குச் சுலபம். தசையைக் காயவைத்து, அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சுமார் 110 டிகிரியில் ராத்திரி முழுக்க வேகவைத்துப் புரதத்தைத் தனித்தனி அமினோ அமிலமாக உடைக்க வேண்டும். (இதில் குளுட்டமினும் குளுட்டாமிக் அமிலமாகிவிடும், இரண்டையும் சேர்த்துத்தான் அளக்கிறோம்.) அமினோ அமிலம் சூட்டில் ஆவியாகாமல் கருகிவிடும் என்பதால், அதன் இரண்டு முனைகளிலும் வேறு மூலக்கூறுகளை மாட்டி ஆவியாகும்படி செய்ய வேண்டும். அப்புறம் ஆவியாகும் பொருள்களைப் பிரிக்கும் கருவியான கேஸ் குரோமட்டோகிராஃபில் விட்டால் ஒவ்வொன்றும் தனித்தனி நேரத்தில் வெளியே வரும். வர வர அதை ஆயிரம் டிகிரிக்குப் பக்கத்தில் எரித்து, நைட்ரஜன் வாயுவாக்கி, கூட வரும் கார்பன் டை ஆக்சைடை திரவ நைட்ரஜனில் உறைய வைத்துப் பிடித்துவிட்டு, அணுக்களை எடை பார்த்துப் பிரிக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் அனுப்ப வேண்டும். வரைபடத்தில் ஒவ்வொரு அமிலமும் ஒரு உச்சியாகத் தெரியும்; இரண்டு உச்சிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் எண் கெட்டது. நன்றாக நடந்தாலும் அரை முதல் ஒரு புள்ளி வரை பிழை இருக்கும். ஆனால் வித்தியாசத்தில் ஒரு புள்ளி தவறினால் ஊட்ட மட்டத்தில் 0.13 தான் தவறும், 7.6-ஆல் வகுக்கிறோமே. மொத்த நைட்ரஜனில் தரையைத் தப்பாக வைப்பதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

2.4 என்றால் என்ன

மைக்கேல் மில்லர், சிகரைஷி, சுகாமோட்டோ, ஓகோச்சி முதலானோர் கடலில் பிடித்த ஜப்பானிய விலாங்கு லார்வாக்களையும், ஆய்வகத்தில் வளர்த்தவற்றையும் இப்படி அளந்தார்கள். ஆய்வக லார்வாவை எதற்குச் சேர்த்தார்கள் என்பது கவனிக்க வேண்டியது. அதற்கு என்ன சாப்பாடு போட்டோம் என்று நமக்குத் தெரியும். ஆகத் தீவனத்துக்கும் லார்வாவுக்கும் நடுவே எண்கள் எவ்வளவு ஏறுகின்றன என்று நேராகவே பார்க்கலாம். இந்த வினோத இலை மீனுக்கும் சூத்திரம் பொருந்துகிறதா என்று சோதிக்கலாம். கடல் லார்வாக்களின் சராசரி 2.4 வந்தது.

தின்பவர் 2.4 என்றால் தின்னப்பட்டது சராசரியாக 1.4. பாசி 1. பாசியைத் தின்னும் கோப்பிபாட் (இறாலின் தூரத்து உறவான ஒரு சின்ன மிதவை விலங்கு) போன்ற உயிரி 2 அல்லது அதற்கு மேல். அதைப் பிடித்துத் தின்றிருந்தால் லார்வா 3-ஐத் தாண்டியிருக்க வேண்டும். வேட்டையாடும் ஜெல்லிமீன் வகையைத் தின்றிருந்தால் 4-ஐ நெருங்கியிருக்கும். சுத்தப் பாசி மட்டும் என்றால் 2.0. 1.4 என்பது பாசியும், அதன் மேல் வாழும் சின்னஞ்சிறுசுகளும், கழிவும் கலந்த ஒரு கலவை. கடல் பனி என்றால் அதுதான். குழுவும் அப்படித்தான் முடிவு சொன்னது.

மறுபக்கம்

விலாங்கைப் பற்றி நம்மிடம் ஒரு வழக்கு உண்டு, பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று. இதன் லார்வாவும் அப்படித்தான் நடந்துகொண்டது. 2010-ல் வெளியான இன்னொரு ஆய்வு, அட்லாண்டிக்கின் சர்காசோ கடலில் பிடித்த ஐரோப்பிய விலாங்கு லார்வாக்களின் குடலில் இருந்த டிஎன்ஏவைப் படித்தது. அதில் பலவகை உயிரிகள், குறிப்பாக ஜெல்லிமீன் போன்ற கொழகொழ உடம்புக்காரர்கள், தென்பட்டார்கள். 2018-இல் வந்த இன்னொரு ஆய்வும் கொழகொழ மிதவை உயிரிகள் அவற்றின் உணவில் முக்கியம் என்றது.

யார் சொல்வது சரி? என் பார்வையில் இரண்டும் இரண்டு வேறு கேள்விக்கு விடை. டிஎன்ஏ கடைசியாக வாய்க்குள் போனது யாருடைய செல் என்று சொல்லும். உயிரோடு போனதா, கடல் பனியில் ஒட்டியிருந்த பிய்ந்த துண்டாகப் போனதா என்று சொல்லாது. அமினோ அமிலம் பல வாரம் உடம்பு கட்டிய கணக்கைச் சொல்லும், ஆள் பெயர் சொல்லாது. தவிர, இனமும் வேறு, கடலும் வேறு, லார்வாவின் வயதும் வேறாக இருக்கலாம். ஆனாலும் ஜப்பானிய லார்வா ஜெல்லிமீன் வேட்டையை முழுநேரத் தொழிலாக வைத்திருந்தால் 2.4 வந்திருக்கவே முடியாது என்பதை எந்த டிஎன்ஏவும் மாற்றாது.

எனக்கு உறுத்தல் வேறு இடத்தில். 7.6 என்ற எண்ணை எல்லா விலங்குக்கும் ஒரே மாதிரி வைக்கலாமா? மேத்யூ மெக்கார்த்தியும் கெல்டன் மெக்மஹனும் 2016-ல் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, சாப்பாட்டின் தரம், நைட்ரஜனை வெளியேற்றும் விதம் இவற்றைப் பொறுத்து அது மாறும் என்றார்கள். மேல்படி வேட்டையாடிகளுக்கு 7.6 பெரும்பாலும் அதிகம், அதனால் அவற்றின் படி குறைவாகத் தெரியும். லார்வாவுக்கு ஆய்வகச் சோதனை இருப்பதால் இந்த இடி அதன் தலையில் நேராக விழவில்லை. 3.4-உம் கடலில் பெரிய தொல்லை தராது. நிலத்துச் செடிக்கு அதே இடத்தில் −8.4 போட வேண்டும். ஆற்றில் இலை உதிர்ந்து விழும் இடமாக இருந்தால்தான் தலைவலி.

உண்மையான சிக்கல் ஒற்றைச் செல் உயிரிகள். 2014-ல் ஆய்வகத்தில் பாசியை மேயும் ஒற்றைச் செல் உயிரிகளை வளர்த்து அளந்தவர்கள், அவை மேய்ந்தாலும் குளுட்டாமிக் அமிலம் சரியாக ஏறவில்லை, அலனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் மட்டும் ஏறுகிறது என்று கண்டார்கள். அதாவது பாசிக்கும் லார்வாவுக்கும் நடுவே இவர்கள் ஒன்றிரண்டு பந்தி சாப்பிட்டு முடித்திருந்தாலும் நம் சூத்திரத்துக்கு அது தெரியாது. கடல் பனியோ இவர்கள் குடியிருக்கும் ஊர். ஆகவே 2.4 என்பதை நான் இப்படிப் படிக்கிறேன்: பல செல் விலங்குகளைப் பிடித்துத் தின்கிறது என்ற கட்சி இதில் தோற்றது, ஆனால் அந்தக் கூழுக்குள் உணவுச் சங்கிலி எவ்வளவு நீளம் என்பதை இந்த எண் குறைத்தே காட்டும். இதைச் சரிபார்க்க மறுபடி மரியானாவுக்குக் கப்பல் விட வேண்டியதில்லை. குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் அலனினை வைத்து இன்னொரு கணக்குப் போட்டால் போதும், குரோமட்டோகிராஃபில் முதல் ஆளாக வெளியே வருவதே அலனின்தான்.